கான்ட்ராஸ்ட் ஊசியும் நம் கையெழுத்தும்: வாசகர் கேள்வி–பதில்

இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஸ்கேன் எடுக்கும்போது இரத்த நாளத்தில் செலுத்தப்படும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றியும், அதற்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தைப் பற்றியும் பலர் கலக்கத்தோடு எழுதியிருக்கிறார்கள். இம்மருந்தைச் ‘சாயம்’ என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் இது எதற்கும் நிறமேற்றுவதில்லை; படத்தில் உறுப்புகளைப் பிரித்துக் காட்ட உதவுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் நெடுங்காலம், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எடுக்கும் ரேடியோகிராபராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றாகாது.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. ஆங்கிலம் பேசுவார், ஆனால் மருத்துவமனையில் பேசப்படும் ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. வயிற்று சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துச் சென்றபோது, உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்னர் இரண்டு பக்கப் படிவத்தைக் கொடுத்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் நானே ‘இல்லை’ என்று குறித்தேன், அம்மா கையெழுத்திட்டார். ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, கண் இமைகள் வீங்கிவிட்டன. மருந்து கொடுத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தபின், ‘முப்பது வருடத்துக்கு முன்னால் சிறுநீரகப் படம் எடுத்தபோதும் இப்படித்தான் ஆச்சு’ என்கிறார். தவறு யாருடையது? அந்தக் கையெழுத்துச் செல்லுமா? — ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தவறு யாருடையது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் தாயாரின் அடுத்த ஸ்கேனைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்கேன் பிரிவுக்குச் சென்று, செலுத்தப்பட்ட மருந்தின் பெயர், அளவு, நாள், ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது, எந்த மருந்தால் குணமாயிற்று என்பவற்றை எழுதி வாங்குங்கள். அதை ஓர் அட்டையில் படியெடுத்து, அவருடைய மாத்திரைப் பெட்டியோடு வைத்திருங்கள். ‘சாயம் ஒத்துக்கொள்ளாது’ என்று பொதுவாகச் சொல்வதால் மருத்துவருக்கு அதிகப் பயனில்லை. மருந்தின் பெயர் தெரிந்தால்தான் அதே வகையில் வேறொரு மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். தேவையென்றால் முன்கூட்டியே ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுக்க முடியும். அல்லது ஊசியில்லாமல் எடுக்கும் படமோ அல்ட்ராசவுண்டோ போதுமா என்று பார்க்க முடியும்.

இந்த ஊசிக்கு ஒவ்வாமை ஏற்படுமா என்பதை முன்கூட்டி உணர்த்தும் அறிகுறிகளில் மிக வலுவானது, அதே வகை மருந்துக்கு முன்பு ஏற்பட்ட ஒவ்வாமைதான். அப்படி ஒருமுறை நேர்ந்தவர்களுக்கு மீண்டும் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். முப்பது ஆண்டுகளுக்கு முன் பயன்பட்ட அயனி வகை மருந்துகள் உடலுக்குக் கடுமையானவை. 1990இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று 3,37,647 ஊசிகளைக் கணக்கிட்டது. பழைய வகையால் 12.66 விழுக்காட்டினருக்கும் புதிய அயனியற்ற வகையால் 3.13 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் ஒரு பாதிப்பு ஏற்பட்டதையும், கடுமையான பாதிப்பு 0.22 விழுக்காட்டிலிருந்து 0.04 விழுக்காடாகக் குறைந்ததையும் அது காட்டியது. இன்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் புதிய வகைதான். ஆகவே இந்த ஊசியைக் கண்டு பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பத்தாயிரத்தில் நால்வருக்கு நேரக்கூடியது யாருக்கு நேரும் என்பதை முன்கூட்டிக் கணிக்க உதவும் செய்தியை உங்கள் தாயார் முப்பது ஆண்டுகளாகத் தம்மிடம் வைத்திருந்தார், அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என்னை வருந்தச் செய்கிறது.

இனி கையெழுத்து. 2003ஆம் ஆண்டின் 61ஆம் எண் தேசிய உடல்நலச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, நோயாளியிடம் என்னென்ன சொல்லப்பட வேண்டும் என்பதை வரையறுக்கிறது: அவருடைய உடல்நிலை, அவருக்குச் செய்யக்கூடிய சோதனைகளும் சிகிச்சைகளும், ஒவ்வொன்றின் நன்மை, ஆபத்து, செலவு, விளைவு, மறுக்கும் உரிமை, மறுத்தால் நேரக்கூடியவை. இவற்றை, இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவையும் கருத்தில் கொண்டு சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. புரிந்து அளிக்கப்படும் ஒப்புதலையே 7ஆம் பிரிவு கோருகிறது. கையெழுத்து, அப்படியொரு உரையாடல் நடந்ததற்குச் சான்றாக அமையலாமே தவிர, உரையாடலே நடக்காத இடத்தில் அது ஒப்புதலாகிவிடாது. எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்கும் நம் நாட்டில் ஓர் அளவுகோல் உண்டு. 1994இல் கேப் மாநில நீதிமன்றம் காஸ்டெல் எதிர் டி கிரீஃப் வழக்கில், நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்று கூறியது. மருத்துவர் எதை முக்கியமெனக் கருதுகிறார் என்பது மட்டும் போதாது.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் முன்னோர்களில் எத்தனையோ பேர், தங்களால் வாசிக்க முடியாத ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறையைச் சேர்ந்த ஒரு தாய், 74 வயதில், வாசிக்கப்படாத ஒரு தாளில் மீண்டும் கையெழுத்திடுவதை நாம் இயல்பென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருத்துவமனை செய்திருக்க வேண்டியது இது. நீங்கள் செய்திருக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அதை மனம் நோகாமல் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். படிவத்திலுள்ள கேள்விகள் அலுவலக வழக்கத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. நோயாளியைக் காக்கும் முதல் கருவி அவைதாம். அவற்றுக்கு நோயாளியே பதில் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரு முதியவரிடம் ‘அலர்ஜி’ உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன், இல்லை என்றார். உடன் வந்திருந்த மகளும் இல்லை என்றார். ஏதோ தோன்றவே, ‘எப்பவாவது ஊசி போட்டு உடம்பு தடிச்சதுண்டா, தாத்தா? மூச்சு முட்டினதுண்டா?’ என்று தமிழில் கேட்டேன். ‘அது உண்டும்மா, ஒரு தடவை பிழைச்சதே பெரிசு’ என்றார். மகளுக்கே அது புதிய செய்தி. அதன்பின் ஓய்வு பெறும் நாள்வரை, பிள்ளைகள் சொன்ன பதிலை நான் மீண்டும் ஒருமுறை நோயாளியிடம் கேட்காமல் விட்டதில்லை. பெற்றோருக்காக மொழிபெயருங்கள், அவர்களுக்குப் பதிலாகப் பதில் சொல்லாதீர்கள். அரசு மருத்துவமனையில் தமிழ் அறிந்தவர் இல்லாமற்போகலாம். அங்கே நீங்கள்தான் பாலம். ஒவ்வொரு கேள்வியையும் அம்மாவுக்குத் தெரிந்த சொல்லில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

முறையீடு செய்ய விரும்பினால், முதலில் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மறுமொழியில் நிறைவில்லையென்றால் உடல்நலக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். ஆனால், முன்பு ஒவ்வாமை ஏற்பட்டதில்லை என்று படிவத்தில் நீங்கள் குறித்திருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்னரே நிறுத்தச் சொன்னார் ஒருவர். நிறுத்தவே வேண்டாம் என்றார் இன்னொருவர். இந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அண்டைவீட்டார் சொல்கிறார்கள். யாரை நம்புவது? — ஒரு வாசகர், டொங்காட்

பதில்: நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேட வேண்டியிருக்கும் நம் ஊரில், எனக்கு மிகுதியாக வரும் கேள்வி இதுதான். முரண்பட்ட பதில்கள் கிடைப்பதற்குக் காரணம், விதிகள் மாறியதும், மாறிய விதி எல்லோரையும் சென்றடையாததும் ஆகும்.

மெட்ஃபார்மினும் கான்ட்ராஸ்ட் மருந்தும் உடலுக்குள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ஊசிக்குப் பின் சிறுநீரகம் தளர்ந்துபோனால், அம்மருந்து உடலில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து நேரலாம் என்பதே அச்சம். ஆகவே கேட்க வேண்டியது, உங்கள் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதைத்தான். கிரியேட்டினின் சோதனையிலிருந்து கணக்கிடப்படும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் அதைச் சொல்லும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதலின்படி, அந்த எண் 30 அல்லது அதற்கு மேலிருந்து, சிறுநீரகத்தில் திடீர் பாதிப்பும் இல்லாமல், ஊசி சிரை வழியாகப் போடப்படுமானால், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. 30க்குக் கீழ் இருந்தாலோ, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருந்தாலோ, சில தமனிவழிச் சோதனைகளிலோ, ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்த பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். உங்கள் சிகிச்சையகம் இதைவிடக் கண்டிப்பான விதியைப் பின்பற்றினால் அதன்படியே நடவுங்கள். ஆனால் யாரையும் கேட்காமல் நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறினால் அதுவும் ஆபத்துதான்.

சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பேச்சு ஒருகாலத்தில் மருத்துவர்களிடமே வலுவாக இருந்தது. ஸ்கேனுக்கு வருபவர்களில் பலர் ஏற்கெனவே கடும் நோயுற்றவர்கள். அவர்களுடைய சிறுநீரகம் ஊசியில்லாமலும் தளரக்கூடியதே. இதைப் பிரித்தறியாமல் பழி முழுவதையும் ஊசியின்மேல் போட்டுவிட்டோம் என்பது பின்னர் தெரியவந்தது. 2020இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவக் கல்லூரியும் அந்நாட்டின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் கூட்டாக வெளியிட்ட கருத்தும், இந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதே. ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழுள்ளவர்களுக்கும் திடீர்ப் பாதிப்புள்ளவர்களுக்கும் மட்டும் உப்புநீர் ஏற்றுவது போன்ற முன்காப்பை அது பரிந்துரைக்கிறது. உங்கள் கடைசி ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேட்டு எழுதி வைத்திருங்கள். சர்க்கரை அளவைப் போல அதுவும் மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. இறாலில் அயோடின் இருப்பதால் இந்த ஊசி போடக் கூடாது என்கிறார்களே? — ஒரு வாசகி, ஐசிபிங்கோ

பதில்: போடலாம். சி.டி. ஊசி மருந்தில் அயோடின் இருப்பது உண்மைதான். ஆனால் இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் அன்று. தைராய்டு சுரப்புநீரிலேயே அயோடின் இருக்கிறது. அது இல்லாமல் உயிர்வாழ முடியாது. ஆனாலும் உணவு ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவற்றை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும், தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறவிருப்பவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே அயோடின் உண்மையாகவே குறுக்கிடும்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் இருக்கும்போது ஸ்கேன் தேதி வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் மாலைவரை எதுவும் உண்பதில்லை. விரதத்தோடே போனால் ஊசிக்கு நல்லதுதானே? — ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: பழைய மருந்துகளால் பலருக்கு வாந்தி வந்ததால் வெறும் வயிற்றோடு வரச்சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. இன்றைய அயனியற்ற மருந்துகளுக்குப் பட்டினி தேவையில்லை என்பது ஐரோப்பிய வல்லுநர் சங்கத்தின் வழிகாட்டுதல். பித்தப்பை அல்ட்ராசவுண்ட் போன்ற சில சோதனைகளுக்கு வேறு காரணத்தால் வெறும் வயிறு தேவைப்படும். மயக்கமருந்து கொடுப்பதென்றாலும் தேவைப்படும். உங்களுக்கு என்ன சோதனை என்று கேட்டறியுங்கள்.

என் கவலை தண்ணீரைப் பற்றியது. உடலில் நீர் வற்றிய நிலையில் ஊசிக்கு வருவது நல்லதன்று. இதய நோயால் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் நீங்கலாக, மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். நீங்கள் இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் வேறு மாத்திரையோ எடுப்பவரானால், விரதமும் காத்திருப்பும் சேர்ந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். விரதம் இருப்பதைச் சொல்லி, காலையில் முதல் ஆளாக எடுக்கும்படி கேளுங்கள். அல்லது ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கான்ட்ராஸ்ட் வேண்டாம் என்று நான் மறுக்க முடியுமா? என் கணவர், ‘நான் கையெழுத்திடுகிறேன், நீ பேசாமல் படு’ என்கிறார். — ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முடியும். உங்கள் உடலின் மீதான உரிமையை அரசியலமைப்பின் 12ஆம் பிரிவே உங்களுக்கு அளிக்கிறது. நினைவோடும் தெளிவோடும் இருக்கும் உங்களுக்காகக் கையெழுத்திட உங்கள் கணவருக்கு உரிமையில்லை. ஒருவர் ஒப்புதல் தர இயலாத நிலையில் இருந்து, வேறு யாரையும் எழுத்தில் நியமித்திருக்கவும் இல்லையென்றால்தான், சட்டம் கணவன் அல்லது மனைவி, அதன்பின் பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தோர் என்ற வரிசையில் போகிறது. 12 வயதைத் தாண்டி, புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் உள்ள சிறுவர் சிறுமியர்கூடத் தம் சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம் என்கிறது குழந்தைகள் சட்டம்.

ஆனால் மறுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: ‘என்ன கண்டறிவதற்காக இந்த ஊசி?’ ஜொகனஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக் 1956இல் கேப் டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலாளராகப் பணியாற்றியபோது, உடலின் வெவ்வேறு பகுதிகள் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைக் கணக்கிடும் வழியைத் தேடத் தொடங்கினார். அந்தத் தேடலே சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையாகி, 1979இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசைத் தந்தது. எலும்பும் காற்றும் கதிரை மிக வேறுபட்ட அளவில் உறிஞ்சுவதால் படத்தில் எளிதில் பிரிந்து தெரியும். கல்லீரலும் அதிலுள்ள கட்டியும், இரத்தமும் அதில் அடைத்த உறைகட்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால் ஒன்றோடொன்று கலந்து தெரியும். இரத்தத்தில் கலந்த அயோடின் கதிரை அதிகம் உறிஞ்சி, அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே சிறுநீரகக் கல், தலையில் அடிபட்ட இரத்தக் கசிவு, சைனஸ் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் ஊசி தேவைப்படுவதில்லை. நுரையீரல் நாளத்து அடைப்பையோ கல்லீரல் கட்டியையோ தேடும்போது, ஊசியில்லாத படம் நோயைக் காட்டாமல் போகலாம். எதற்காக என்பதை அறிந்தபின் மறுத்தாலும் ஏற்றாலும் அது உங்கள் முடிவு. கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவிருக்கிறார்கள். அந்த ஊசியிலுள்ள உலோகம் மூளையில் தங்கிவிடும் என்று படித்தேன். ஆறு மாதக் குழந்தைக்குப் பாலும் கொடுக்கிறேன். — ஒரு வாசகி, லெனேசியா

பதில்: எம்.ஆர்.ஐ.க்குக் கொடுப்பது கடோலினியம் என்ற உலோகத்தை ஒரு மூலக்கூறுக்குள் பூட்டிய மருந்து. பூட்டு இறுக்கமாக இருந்தால் உலோகம் கழன்றுகொள்ளாமல் சிறுநீரோடு போய்விடும். நீள்சங்கிலி அமைப்புடைய மருந்துகளில் பூட்டு தளர்வானது. வளைய அமைப்புடையவற்றில் இறுக்கமானது. 2006இல், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலையும் தசையையும் இறுகச் செய்யும் ஒரு கொடிய நோய்க்கும் இம்மருந்துகளுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. 2014இல், பலமுறை ஊசி போட்டவர்களின் மூளைப் படங்களில் கடோலினியம் தங்கியதற்கான தடயத்தை ஜப்பானிய மருத்துவர்கள் கண்டனர். 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் நீள்சங்கிலி மருந்துகள் பலவற்றின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. மூளையில் தங்கியதால் நரம்பு நோய் உண்டானதாக இதுவரை நிறுவப்படவில்லை; ஆயினும் ‘எனக்குக் கொடுப்பது வளைய அமைப்புடைய மருந்தா?’ என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. 1930களிலிருந்து 1950கள்வரை பயன்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து, போடும்போது யாதொரு தொல்லையும் தராமல், பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் புற்றுநோயாக வெளிப்பட்ட வரலாறு எங்கள் துறைக்கு உண்டு. அதை அறிந்த எவரும் உங்கள் கேள்வியைக் குறைவாக எண்ண மாட்டார்கள்.

குழந்தைக்குத் தொடர்ந்து பால் கொடுங்கள். கடோலினியம் ஊசியில் 0.04 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தாய்ப்பாலில் கலக்கிறது. அதிலும் மிகச் சிறு பங்கையே குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்ளும். பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பழைய அறிவுரை தேவையற்றது. கருவுற்றிருந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தவிர்க்கவியலாத காரணமின்றிக் கடோலினியம் கொடுப்பதில்லை. அப்படியொரு ஐயம் சிறிதளவு இருந்தாலும் முன்னரே சொல்லுங்கள்.

கேள்வி: ஊசி போடும்போது கை நெருப்பாக எரிந்தது. பொறுத்துக்கொண்டேன். இப்போது முழங்கைக்குக் கீழே வீங்கியிருக்கிறது. — ஒரு வாசகர், வெருலம்

பதில்: உங்களுக்குத் தனியே உடனடியாக மறுமொழி அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஊசி ஏறும்போது உடலெங்கும் சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை தோன்றுவதும், சிறுநீர் கழிந்துவிட்டதைப் போன்ற உணர்வும் இயல்பானவை. ஓரிரு நிமிடத்தில் மறைந்துவிடும். ஊசி குத்திய இடத்தில் மட்டும் எரிச்சலோ வலியோ இருப்பது இயல்பன்று. மருந்து நாளத்துக்கு வெளியே கசிவதன் அறிகுறி அது. இயந்திரம் நொடிக்குச் சில மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்துவதால், பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நொடியும் கையில் கூடுதலாகத் தேங்கும். உடனே குரல் கொடுங்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கும்.

வீட்டுக்கு வந்தபின் வீக்கம் இருந்தால், கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடம் கொடுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, தோலின் நிறம் மாறினாலோ, கொப்புளம் எழுந்தாலோ, விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தோலில் தடிப்பு ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம்; அதையும் மருத்துவரிடம் காட்டி, மேலே சொன்ன அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ, முகமும் தொண்டையும் வீங்குவதோ, தலைசுற்றி விழுவதோ நேர்ந்தால், 10177 என்ற எண்ணிலோ, கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்ணிலோ ஆம்புலன்ஸை அழைத்து, ‘இன்று ஸ்கேன் ஊசி போட்டிருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.